ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘கொரட்டூர்’: கமாண்ட் லைனில் தமிழ்க் கோப்பைத் திறப்பது பற்றி

டெர்மினலில் எடிட்டரின் பெயரை அடித்து, ஒரு இடம் விட்டு, கோப்பின் பெயரை அடித்து என்டர் தட்டினால் கோப்பு திறக்கும். விம், நேனோ, ஈமேக்ஸ், வி.எஸ்.கோட், எதன் அறிமுகப் பாடத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே இந்த ஒரு வரி இருக்கும். அடுத்த வரியில் எப்படி வெளியே வருவது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். (விம்மில் அதுதான் பெரிய பிரச்சினை என்று ஜோக் வேற.)

கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் அந்த முதல் வரி பாதி உண்மைதான். பெயர் பொருந்தினால் கோப்பு திறக்கும். பொருந்தாவிட்டால், அதே மாதிரி தெரிகிற பெயரில் காலியாக ஒன்றைப் புதிதாகத் தொடங்கிவிடும். ஆங்கிலப் பெயரில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்: ஒரு எழுத்தை விட்டிருப்போம், கூட்டி அடித்திருப்போம். தமிழில் கண்ணுக்குத் தெரியாமலேயே நடக்கும். எடிட்டர்களின் வடிவமைப்பில் எனக்கு இருக்கும் முக்கியமான குறை இதுதான்.

முதலில் நான் ஏன் தமிழில் பெயர் வைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மேற்குச் சென்னையின் ஊர்ப்பெயர்கள் பற்றிப் பல வருஷமாகக் குறிப்பு எடுக்கிறேன். ஊருக்கு ஒரு கோப்பு. பாடி, கொரட்டூர், மண்ணூர்பேட்டை, அயனம்பாக்கம், திருமுல்லைவாயில், போரூர். எல்லாம் வெறும் டெக்ஸ்ட். லினக்ஸில் எக்ஸ்டென்ஷன் தேவையில்லை என்பதால் பெயர் மட்டும்தான். கிரெப்பில் ஒரு சொல்லைத் தேடி, அது எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்து, கோப்புப் பெயருக்கு முன்னால் கூட்டல் குறியும் வரி எண்ணும் கொடுத்து விம்மில் நேராக அந்த வரிக்கே போய்விடுவேன். மவுஸைத் தொடவே வேண்டாம்.

"பேரை இங்கிலீஷ்ல வெச்சுட்டா பிரச்சினையே இல்லையே சார்" என்று ஆபீஸில் தம்பிகள் சொல்வார்கள். அங்கேதான் பிரச்சினையே. மண்ணூர்பேட்டையை ஆங்கிலத்தில் ‘பேட்’ என்று முடிப்பவர்கள் உண்டு, ‘பேட்டை’ என்று முழுசாக எழுதுபவர்கள் உண்டு. நடுவில் ‘என்’ ஒன்றா இரண்டா என்பது போர்டு எழுதுபவர் மனநிலையைப் பொறுத்தது. கொரட்டூருக்கும் அதே கதை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி செய்கிறவன் ல, ள, ழ வேறுபாட்டைத் தொலைத்துவிட்டு எதை ஆராய்வது? பூந்தமல்லி என்றும் பூவிருந்தவல்லி என்றும் தமிழிலேயே இரண்டு வடிவம் இருப்பது வேறு. அது வரலாறு, அதைக் குறித்து வைக்கவேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் குழப்பம் வெறும் இரைச்சல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொரட்டூர் என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து: கொ, ர, ட், டூ, ர். யூனிகோடில் ஒவ்வொரு மெய்க்கும், உயிர்க்குறிக்கும், புள்ளிக்கும் தனித்தனி குறியெண். ‘கொ’ என்பது ‘க’ (2965) கூட ஒகரக் குறி (3018). அப்படி எண்ணினால் மொத்தம் 9 குறியெண், யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27 பைட்.

ஆனால் அந்த ஒகரக் குறியை இன்னொரு விதமாகவும் எழுதலாம். எகரக் கொம்பு (3014), அதன் பின் கால் (3006). பார்வைக்கு ஒகரக் குறி என்பதே கொம்பும் காலும்தானே? யூனிகோட் தரமும் இந்த இரண்டு வடிவங்களும் சமம் என்றே சொல்கிறது. ‘கோ’வுக்கும் ‘கௌ’வுக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு. இந்த இரண்டாம் வடிவில் கொரட்டூர் 10 குறியெண், 30 பைட். திரையில் ஒரு புள்ளிகூட மாறாது.

தரம் சமம் என்று சொன்னாலும் லினக்ஸின் கெர்னல் அந்தப் பஞ்சாயத்துக்கே வராது. அதற்குக் கோப்புப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் சுழியமும் கூடாது, மற்றபடி என்ன இருந்தாலும் சரி. 27 பைட் பெயரும் 30 பைட் பெயரும் இரண்டு வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டும் அக்கம்பக்கமாக இருக்கலாம். எல்எஸ் போட்டால் ‘கொரட்டூர்’ என்று இரண்டு தடவை வரும்.

இந்த இரண்டாம் வடிவத்தை யார் அடிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். தமிழ்99-இல் ககரமும் ஒகரமும் தட்டினால் ஒரே குறியெண்தான் வரும், உண்மை. பிரித்து வைப்பது விசைப்பலகை இல்லை, ஆப்பிள். மேக்கில் பல ஆண்டுகள் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். ‘கொ’ என்று கொடுத்தால் உள்ளே கொம்பும் காலுமாக வைக்கும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கிறது. மேக்குக்குள் இருக்கும் வரை எல்லாம் சுகம். அங்கே ஜிப் செய்த ஒரு ஃபோல்டரை லினக்ஸில் பிரித்தால் பெயர்கள் 30 பைட்டாக வந்து இறங்கும்.

இப்போது அந்த முதல் வரிக்குத் திரும்புங்கள். நண்பர் ஒருவர் மேக்கில் எழுதிய குறிப்புகளை ஜிப்பாக அனுப்புகிறார் என்று வையுங்கள். லினக்ஸில் பிரிக்கிறீர்கள். கொரட்டூர் ஏரி பற்றி நாற்பது பக்கம் இருக்கிறது. டெர்மினலில் விம், இடம், கொரட்டூர், என்டர். வெற்றுத் திரை. கீழே கடைசி வரியில் மட்டும், கோப்புப் பெயருக்குப் பக்கத்தில், சதுர அடைப்புக்குள் ‘நியூ’ என்று சின்னதாக ஒரு சொல். அதைக் கவனிக்காமல் ரெண்டு வரி எழுதி சேவ் செய்தால் இரண்டாவது கொரட்டூர் பிறந்துவிட்டது. இனி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புதியதுதான் திறக்கும். குறிப்புகள் ரெண்டாகப் பிரிந்து, ரெண்டும் தனித்தனியாக வளரும். நாலு மாசம் கழித்து எது எங்கே இருக்கிறது என்று தேடும்போதுதான் தெரியவரும்.

விம் சொல்லத்தான் செய்கிறது என்று அதன் ரசிகர்கள் வாதாடலாம். நானும் ரசிகன்தான். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். கென் தாம்ப்சன் எழுதிய பழைய ‘எட்’ வரி எடிட்டர், டெலிடைப்பில் காகிதத்தில் அச்சடித்த காலத்தில் பிறந்தது. இல்லாத கோப்பைக் கேட்டால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஒரு தனி வரியில் சொல்லிவிடும். பில் ஜாய் 1976 வாக்கில் எழுதத் தொடங்கிய ‘விஐ’ திரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதோடு இந்தச் செய்தி கீழ் மூலைக்குப் போய்விட்டது. நேனோவிலும் அதே. வி.எஸ்.கோடைக் கமாண்ட் லைனிலிருந்து கூப்பிட்டாலும் ஒரு காலி டேப் திறக்கும், அவ்வளவுதான்.

இதில் ஜெயிப்பது யார் தெரியுமா? நாம் எல்லாரும் கேலி செய்யும் விண்டோஸ் நோட்பேட். கமாண்ட் பிராம்ப்டிலிருந்து இல்லாத பெயரைக் கொடுத்தால், "இந்தக் கோப்பைக் காணோம், புதிதாக உருவாக்கட்டுமா?" என்று ஒரு பெட்டி போட்டுக் கேட்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் இரண்டு ‘கொ’வையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஆக அங்கேயும் இதே குழி உண்டு. ஆனால் குழிக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிறான். இன்னொரு விஷயத்திலும் விண்டோஸ் தமிழுக்குத் தாராளம். அங்கே பெயரின் வரம்பு 255 பதினாறு-பிட் அலகு, அதாவது 255 தமிழ்க் குறியெண். லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் 255 பைட், அதாவது தமிழுக்கு 85 குறியெண்தான். கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் முட்டிக்கொள்வார்கள்.

திறக்கும் கட்டளையும் உருவாக்கும் கட்டளையும் ஒன்றாக இருப்பது வசதி என்பதில் சந்தேகமில்லை, நானே தினம் அதை நம்பித்தான் புதிய குறிப்பு தொடங்குகிறேன். அடித்த பெயரும் வட்டில் இருக்கும் பெயரும் ஒன்றா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் கட்டிய வசதி அது. ஆங்கிலத்தில் அந்த நம்பிக்கை நிற்கும். தமிழில் நிற்காது. ‘ஸ்ரீ’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் யூனிகோட் 4.1-இல் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்த பிறகு, ஸ-வில் தொடங்கும் ஸ்ரீயும் ஶ-வில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். ‘கௌ’வுக்குப் பதில் கொம்பு, க, ளகரம் என்று ‘கெள’ அடிப்பவர்கள் எத்தனை பேர் என்று இணையத்தில் தேடினாலே தெரியும். இவை யூனிகோட் சமம் என்று ஏற்றுக்கொள்ளாத இரட்டைகள், ஆகவே மேக்கில்கூட இரண்டு தனிக் கோப்பு.

டேப் கீயை நம்பலாமே என்றால், பாதிதான் நம்பலாம். ‘கொ’ என்று அடித்து டேப் தட்டினால் ஷெல்லும் பைட்டுகளைத்தான் ஒப்பிடும், பிரிந்த வடிவம் சிக்காது. ‘க’ மட்டும் அடித்துவிட்டு டேப் தட்டினால் சிக்கும், ஏனென்றால் இரண்டு வடிவத்திலும் ககரம் ஒன்றுதான். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதிச் சங்கடம் தீரும்: தமிழ்ப் பெயரை முழுசாக அடிக்காதீர்கள், முதல் மெய்யை அடித்து டேப்பிடம் விடுங்கள்.

பெயர் சரியாகப் பொருந்தி, கோப்பு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கப்புறமும் நிம்மதி இல்லை. டெர்மினல் என்பது 1978-இல் வந்த விடி100 வழியில் வந்த கட்டம் போட்ட நோட்டு. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். யூனிகோட் வந்தபின் எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்று ஒரு கணக்கு வைத்தார்கள்: இடம் அடைக்காத குறிகளுக்குச் சுழியம், இடம் அடைக்கும் குறிகளுக்கு ஒன்று. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் அடைக்காத வகையில் போய்விட்டன. இகரம் இடம் அடைக்கும் வகை. விளைவு, டெர்மினலுக்கு ‘தி’ இரண்டு கட்டம், ‘தீ’ ஒரு கட்டம். குறிலுக்கு ரெண்டு, நெடிலுக்கு ஒன்று! தொல்காப்பியர் காலத்து மாத்திரைக் கணக்கை யாரோ தலைகீழாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

மண்ணூர்பேட்டையை வைத்து எண்ணிப் பார்த்தேன். நமக்கு 7 எழுத்து. யூனிகோடுக்கு 13 குறியெண். வட்டில் 39 பைட். டெர்மினலுக்கு 10 கட்டம். விம் நெடுங்காலமாக எல்லா உயிர்க்குறியையும் அதன் மெய்யோடு ஒட்டி ஒரே கட்டமாக எண்ணி வந்திருக்கிறது, அதனால் விம்முக்கு 7 கட்டம். தமிழ் வாசகனின் எண்ணிக்கையோடு விம் அழகாக ஒத்துப்போகிறது, ஆனால் அது ஓடும் டெர்மினலோடு ஒத்துப்போவதில்லை. ஒரே ஒரு ஊர்ப்பெயரைத் தாண்டுவதற்குள் கர்சர் மூன்று கட்டம் தள்ளிப்போய்விடும். ஒரு முழு வரி என்றால் எங்கே அழிக்கிறோம், எங்கே சேர்க்கிறோம் என்றே தெரியாது. தமிழில் விம் சரியாக வராது என்று பலர் விட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குச் சண்டைதான், விம்மைத் தனியாகக் குற்றம் சொல்வது அநியாயம். ஜப்பானில் பிறந்த எம்எல்டெர்ம் மாதிரி இந்திய எழுத்துகளை நினைவில் வைத்துச் செய்த டெர்மினல்கள் உண்டு. இல்லையென்றால் ஈமேக்ஸைத் தனி ஜன்னலில் ஓடவிட்டு, டெர்மினலிலிருந்து ஈமேக்ஸ்கிளையண்ட் வழியாகக் கோப்பை அதற்கு அனுப்பிவிடலாம். 2020-இல் வந்த ஈமேக்ஸ் 27 முதல் எழுத்துகளைக் கோப்பது ஹார்ஃப்பஸ், ஃபயர்ஃபாக்ஸில் தமிழைக் காட்டும் அதே நூலகம். கட்டளை கமாண்ட் லைனில், படிப்பது ஜன்னலில். தமிழுக்கு இன்றைக்கு இதுதான் தோதான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.

கிட் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கிட் ஸ்டேட்டஸ் போட்டால் தமிழ்ப் பெயருக்குப் பதில் \340\256\256 என்று தொடங்கும் எண் கூட்டம் வரும். அந்த மூன்று எண்களும் ‘ம’வின் மூன்று பைட்டுகள். பைட்டுக்கு நாலு குறி வீதம் மண்ணூர்பேட்டை 156 குறியாகும். அதை நகலெடுத்து எடிட்டருக்குக் கொடுத்துத் திறக்க முடியாது. கோர்.க்வோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் தமிழ் தமிழாகத் தெரியும். மாற்றவேண்டிய அமைப்பு ஒன்றுதான், ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் வரை தமிழில் பெயர் வைத்தது தன் தப்பு என்றே ஒரு புது ஆள் நினைப்பான்.

பழைய கோப்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே நிலைமை ஆச்சரியமாக நன்றாக இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியபோது யூனிகோட் தமிழ் புழக்கத்தில் இல்லை, அதன் ஆரம்ப கால மின்னூல்கள் பல திஸ்கி என்ற குறியாக்கத்தில் வந்தன. அப்படி ஒரு கோப்பு உங்கள் பழைய சிடியில் இருந்தால், விம் அதை யுடிஎஃப்-8 என்று படிக்கப் பார்த்து, முடியாமல் லத்தீன்-1 என்று எடுத்துக்கொண்டு, கோழி கிளறிய மாதிரி காட்டும். பயப்பட வேண்டாம், மாற்றாமல் சேவ் செய்தால் பைட்டுகள் அப்படியே இருக்கும். லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் 2002 வாக்கிலேயே திஸ்கி மாற்றியைச் சேர்த்துவிட்டார்கள். ஐகான்வ் கட்டளையில் இங்கிருந்து திஸ்கி, அங்கே யுடிஎஃப்-8 என்று கொடுத்து, வருவதைக் குழாய் வழியாக விம்முக்கு விட்டால் படிக்கத் தக்க தமிழ் வரும். டாம், டாப் கோப்புகளுக்கு ஐகான்வில் வழி இல்லை. அவற்றுக்கு ஓப்பன்-தமிழ் பைத்தான் நூலகத்தில் இருக்கும் மாற்றிகளைத் தேடிப் போகவேண்டும். 1999-இல் அரசு தரமாக அறிவித்த குறியாக்கங்களுக்கு இந்த நிலை, தன்னார்வலர்கள் கூடிச் செய்த திஸ்கிக்கு அந்த நிலை. யோசிக்க வைக்கிற விஷயம்தான்.

இந்த இடத்தில் டேஸ்16 ஆதரவாளர்கள் கை தூக்குவார்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட அந்தக் குறியாக்கத்தில் ‘கொ’ ஒரே எண். பிரிக்க எதுவும் இல்லை, இரட்டை வடிவம் இல்லை, எழுத்து எண்ணுவதும் சுலபம். கோப்புப் பெயர் என்ற இந்த ஒரு கோணத்தில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்த எண்கள் யூனிகோடின் தனியார் பகுதியில் இருக்கின்றன. என் ஃபோனும், உங்கள் ஃபோனும், தேடுபொறியும் அதைத் தமிழ் என்றே அறியாது. கொரட்டூர் இரண்டாகப் பிரிவதைத் தடுக்க, கொரட்டூரை யாராலும் தேட முடியாதபடி செய்வது எனக்கு உடன்பாடு இல்லை.

கெர்னலிலேயே ஒரு மருந்து இருக்கிறது, வேறு யாருக்கோ செய்தது. 2019-இல் லினக்ஸ் 5.2-இல் எக்ஸ்ட்4-க்குக் கேஸ்ஃபோல்டு என்ற வசதி வந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமில்லாமல் கோப்பைத் தேடுவதற்காக. நமக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. ஆனால் அதைச் செய்யும்போது யூனிகோட் சமத்தையும் சேர்த்தே பார்க்கிறது. அந்த வசதியைக் கோப்பு முறைமையில் இயக்கி, ஒரு காலி ஃபோல்டருக்கு அந்தக் கொடியை ஏற்றினால், அதற்குள் 27 பைட் கொரட்டூரும் 30 பைட் கொரட்டூரும் ஒன்றேதான். தமிழ்க் குறிப்பு வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாதவர்களுக்குக் கான்வ்எம்வி என்ற பெர்ல் நிரல் போதும். வெளியிலிருந்து வந்த ஃபோல்டரில் அதைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் விருப்போடு ஓட்டினால், எந்தப் பெயர் மாறும் என்று முதலில் காட்டும். ஒத்திகை வேண்டாம் என்று தனியாகச் சொன்னால்தான் உண்மையில் மாற்றும். பெயரை மட்டும்தான் தொடும், கோப்பின் உள்ளே போகாது. சந்தேகம் வந்தால் விம்மில் கர்சரை ‘கொ’வின் மேல் வைத்து ஜி, ஏ என்று இரண்டு கீ தட்டுங்கள். 2965, 3018 என்று இரண்டு எண் வந்தால் சேர்ந்த வடிவம், மூன்று எண் வந்தால் பிரிந்தது.

விம்மின் மௌனத்துக்கும் வழி உண்டு. புதுக் கோப்பு தொடங்கும்போது மட்டும் நடக்கும் பஃப்நியூஃபைல் என்ற நிகழ்வு அதில் இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, அந்த நேரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும்படி செய்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் வெளியே வந்து, முதல் எழுத்தும் நட்சத்திரக் குறியும் போட்டு எல்எஸ் பார்ப்பேன். ஶ்ரீயும் கெளவும் கான்வ்எம்விக்கு அகப்படாது என்பதால், ‘ஶ்ரீபெரும்புதூர்’ கோப்பை மட்டும் இன்னும் கையால்தான் சரிபார்க்கிறேன்.